சமநிலை தீர்க்கும் நெறிகள்: கொம்புமுறியும் உதைபந்தாட்டமும்

இருவர் பொருதால் ஒருவர் வெல்வர், மற்றவர் தோற்பர் என்பது உலகியல். இவ்வுலகியல் பொய்த்த களங்களும் உள. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்திற் பொருது ஒருங்கே மாண்டனர். அக்களத்தைக் குறித்துக் கழாத்தலையாரும் பரணரும் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் 62ஆம் 63ஆம் பாட்டுக்களாக நிற்கின்றன. வென்றவன் இல்லாத களத்தில் புலவர்க்குப் பாடுபொருள் இழப்பு ஒன்றே. அந்நூலின் 45ஆம் பாட்டு இன்னொரு வகையது. நெடுங்கிள்ளி உறையூரை அடைத்து உள்ளிருக்க, நலங்கிள்ளி அதனை முற்றியிருந்த காலைக் கோவூர்கிழார் இடைநின்று இருவரையும் இடித்துரைக்கிறார். இருவரும் சூடியது ஆத்திமாலையே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இருவருக்கும் ஒருங்கே வெற்றி வாய்த்தலோ நடவாத காரியம். ஆதலின் போரை விடுக என்பது அவர் கூற்றின் பொருள்.

புலவர் நடவாது என்றதை இக்கால விளையாட்டு நாள்தோறும் நடத்திக் காட்டுகிறது. 90 நிமிடம் ஓடியாடிய இரண்டு உதைபந்தாட்ட அணிகள் ஒத்த கோல்களோடு நிற்கும்போது இருவரும் வென்றார் எனலாமா, இருவரும் தோற்றார் எனலாமா? ஒரு சுற்றில் வெல்பவரே அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்னும் விதியுள்ள போட்டியில் இவ்வினாவை ஒத்திவைத்தல் இயலாது. அன்று மாலைக்குள் யாரேனும் ஒருவரை வென்றவர் எனச் சொல்லியாகவேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்கு உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வழி தேடியிருக்கிறது. அவ்வரலாற்றை எம் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நோக்குதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சமநிலை என்பதே தோன்றவொண்ணாத ஒரு பெரும் போட்டியை இக்கரைமக்கள் நெடுங்காலம் ஆடியிருக்கின்றனர். அதுவே கொம்புமுறி விளையாட்டு.

காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலாய ஊர்களிற் கண்ணகை அம்மன் கோயில்கள் சிறந்து விளங்குவதையும், வைகாசித் திங்களிற் கதவு திறந்து சடங்கு நிகழ்ந்து திருக்குளிர்த்தியோடு நிறைவுறுவதையும் இம்மலர் படிப்போர் அறிவர். மழை பொய்த்தபோதும் நோய் பரந்தபோதும் அம்மனின் சினம் தணித்தற்பொருட்டு ஆடப்பெற்றது கொம்பு விளையாட்டு. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. இக்கட்சி ஒருவன் தன் விருப்பம்போல் தெரிவதன்று; பிறப்போடு வருவது. வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டைத் தேர்ந்து, ஒன்றன் வளைவில் மற்றொன்றன் வளைவைக் கொளுவி, வடம் பூட்டி இருபுறத்தாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் தம் கொம்போடு ஆர்ப்பரித்து ஊர்வலம் செல்வர். தோற்றவர் வசைப்பாட்டுக்கு ஆளாவர். பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் இவ்விளையாட்டை விரித்துரைக்கிறது.

சிங்கள மக்களிடையே இதுவே அங்கெளிய என வழங்கும். அங்கும் அது பத்தினித் தெய்வத்துக்குரியது. அங்கும் மேற்கட்சி, கீழ்க்கட்சி என இரண்டு. கண்டி அரசனிடம் 1660 முதல் 1679 வரை சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681இல் அச்சிட்ட நூலில், வளைந்த தடிகளைக் கோத்து இரு கட்சியார் இழுக்கும் விளையாட்டைக் குறித்துள்ளார். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இதன் கதைமூலத்தைத் தருகிறது: பத்தினியும் கணவனும் பூக்கொய்யப் புகுந்தவிடத்து இருவர் தோட்டிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, இழுத்தபோது கணவனுடையது முறிந்தது. சிலப்பதிகாரத்தில் இல்லாத இக்கதை ஈழத்திற் கிளைத்தது எவ்வாறு என்பது வேறோர் ஆராய்ச்சி.

ஈண்டு எமக்கு வேண்டுவது இவ்விளையாட்டின் அமைப்பு. மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இதற்கு நேரவரையறை இல்லை. கொம்பு முறியும்வரை ஆட்டம், முறிந்தவுடன் முடிவு. உதைபந்தாட்டத்திற் சமநிலையை உண்டாக்குவது ஆடுவோர் வலிமை ஒத்திருத்தல் மட்டுமன்று, மணிக்கூடும் ஆகும். கோல் விழுதல் அரிது, நேரமோ குறிது. ஆதலின் 0–0, 1–1 என்பன மலிகின்றன. இரண்டாவது, கொம்பு முறிந்தமைக்குத் தனியொருவன் பொறுப்பாளியல்லன். நூறு கைகள் வடத்தைப் பற்றியிருக்க, முறிந்தது மரம். வசை கட்சி முழுவதற்கும் பொதுவாய் விழும். மூன்றாவது, தோற்ற கட்சியும் அவ்வூராரே, அக்கோயிலாரே. கோவூர்கிழார் சோழரிடம் சொன்னது இங்கு அப்படியே பொருந்தும். ஒரு வேறுபாடு, இங்குத் தோல்வி அம்மனைக் குளிர்விக்கிறது.

நிற்க. உதைபந்தாட்டத்துக்கு வருவோம்.

ஆங்கில நாட்டார் முதலிற் கண்ட வழி மறுவாட்டம். சமநிலையா, இன்னொரு நாள் வந்து திரும்ப ஆடுக என்பது. 1934ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இத்தாலியும் ஸ்பெயினும் மே 31இல் 1–1 என முடித்து, மறுநாளே மீண்டும் ஆடின. இத்தாலி 1–0 என வென்றது. கொம்புமுறியின் நெறிக்கு இது மிக அண்மையது. முடிவு காணும்வரை அதே ஆட்டத்தையே ஆடுதல். ஆயின் இதற்கு ஓர் எல்லை இல்லை. 1971இல் இங்கிலாந்துக் கிண்ணத் தகுதிச் சுற்றொன்றில் அல்வேச்சேர்ச், ஒக்ஸ்போட் சிற்றி என்னும் இரண்டு சிறிய கழகங்கள் ஆறு ஆட்டம், மொத்தம் 11 மணி நேரம் ஆடி, ஆறாவதில் 1–0 என முடிவு கண்டன. விளையாட்டுப் போய்த் தண்டனை ஆகிற்று! அந்நாட்டவரே 2024–25ஆம் பருவம் முதல் அக்கிண்ணத்தின் பிரதான சுற்றுக்களில் மறுவாட்டத்தைக் கைவிட்டனர். எம் நாட்டிலோ அது தொடக்கத்திலேயே நடவாதது. படுவான்கரைப் பாடசாலை அணியொன்று குருமண்வெளித் துறையிற் பாதையேறி எழுவான்கரைக்கு வந்து, பஸ் பிடித்து மட்டக்களப்பு வெபர் மைதானத்தை அடைந்து ஆடியபின், சமநிலையாயிற்று, நாளை மறுபடியும் வருக எனச் சொல்லும் துணிவு எந்த அமைப்பாளருக்கு வரும்?

மறுவாட்டத்துக்கு நேரமில்லாதபோது ஊழிடம் ஒப்படைத்தனர். 1954 உலகக் கிண்ணத் தகுதிக்காகத் துருக்கியும் ஸ்பெயினும் உரோமாபுரியில் ஆடிய ஆட்டம் 2–2 என முடிய, 14 வயதுச் சிறுவன் ஒருவனின் கண்ணைக் கட்டித் திருவுளச்சீட்டு எடுப்பித்தனர். துருக்கி என வந்தது. 1965 மார்ச்சு 24இல் ரொட்டர்டாம் நகரில் லிவர்ப்பூல், கொலோன் அணிகள் மூன்றாம் முறையாகவும் சமநிலையுற்றபோது மத்தியஸ்தர் சுண்டிய வட்டு சேற்றிற் குத்தி நிமிர்ந்து நின்றுவிட்டது. சமநிலையைத் தீர்க்கப் புகுந்த கருவியே சமநிலை காட்டிற்று! மறுமுறை சுண்ட லிவர்ப்பூல் வென்றது. 1968 யூன் 5இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் நாப்போலியில் 120 நிமிடம் ஆடி 0–0 என நின்றன. இத்தாலியத் தலைவர் கியாசிந்தோ பக்கெற்றி நாணயச் சுழற்சியில் வென்றார். அவ்வணியே கிண்ணத்தையும் கொண்டது. அதிலும் இறுதியாட்டம் 1–1 ஆகி, இரண்டு நாள் கழித்து மறுவாட்டத்தில் யூகோசிலாவியாவை 2–0 என வென்றனர்.

நாணயம் ஒருபாற் கோடாது என்பது மெய். ஆனால் நீதி என்பது கோடாமை மட்டுமோ? ஆடியவன் செய்ததற்கும் அடைந்ததற்கும் ஒரு தொடர்பு இருத்தல் வேண்டும். நாணயத்தில் அத்தொடர்பு அறுந்துவிடுகிறது. இதனை நெஞ்சிற் கொண்டவர் இஸ்ரேல் நாட்டு அதிகாரி மைக்கேல் அல்மொக். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் காலிறுதியில் அவர் நாட்டணி பல்கேரியாவோடு 1–1 என ஆடித் திருவுளச்சீட்டில் வெளியேறிற்று. இது மனத்துக்கு ஒவ்வாதது எனச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு அவர் எழுதினார். அணிக்கு ஐந்து தண்ட உதைகள் கொடுத்துத் தீர்க்கலாம் என்றார். மலேசியாவைச் சேர்ந்த கோ ஈவ் டெய்க் என்பார் மத்தியஸ்தர் குழுவில் அதனை முன்னெடுத்தார். 1970 யூன் 27இல் விதிச்சபை ஏற்றது. (ஜேர்மானிய மத்தியஸ்தர் கார்ல் வால்ட் என்பாருக்கும் இதில் உரிமை சொல்வர், யூகோசிலாவியா, இத்தாலி நாட்டு உள்ளூர்க் கிண்ணங்களில் இதனையொத்த முறை 1950களிலேயே இருந்தது என்பதும் உண்மை.) இன்று உலகமெங்கும் வழங்கும் இந்நெறி, ஊழினால் தோற்றான் ஒருவனின் முறையீட்டிலும் ஆசிய நாட்டான் ஒருவனின் முயற்சியிலும் பிறந்தது என்பதை எம் மாணவர் அறிதல் நன்று.

1970 ஓகஸ்ட் 5இல் ஹல் சிற்றி, மன்செஸ்டர் யுனைற்றெட் அணிகள் இம்முறையில் முதன்முதல் தீர்வு கண்டன. முதலில் உதைத்துக் கோல் இட்டவர் ஜோர்ஜ் பெஸ்ட். முதலில் தவறியவர் டெனிஸ் லோ. அவர் உதையைத் தடுத்த ஹல் அணியின் பந்துக்காப்பாளர் மக்கெக்னி தாமே கடைசியில் உதைக்க வந்து தவறினார், அவ்வணி தோற்றது. முதல் நாளிலேயே இம்முறையின் சுவையும் கொடுமையும் ஒருங்கே வெளிப்பட்டுவிட்டன. உலகக் கிண்ணத்தில் 1982இல் மேற்கு ஜேர்மனியும் பிரான்சும் 3–3 என நின்று இவ்வழியில் முடிவு கண்டன. 1994, 2006, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளின் இறுதியாட்டங்களும் இவ்வாறே தீர்ந்தன. 1994இல் இத்தாலியை இறுதிவரை கொண்டுவந்தவர் றொபேட்டோ பாஜியோ. அவர் உதைத்த கடைசிப் பந்து கம்பத்தின் மேலே போயிற்று. அவர் இட்ட கோல்களை மறந்தவரும் அவ்வொரு உதையை மறந்திலர். எம் நாட்டினர்க்கும் இவ்வனுபவம் உண்டு. 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியின் இறுதியில் இலங்கை சீஷெல்சோடு 3–3 என ஆடித் தண்ட உதையிற் கிண்ணத்தை இழந்தது.

தண்ட உதை 11 மீற்றரிலிருந்து உதைப்பது. நான்கில் மூன்று கோலாகும். எனவே கோல் இடுதல் கடமையாகவும் தவறுதல் குற்றமாகவும் எண்ணப்படுகின்றன. கொம்புமுறியில் மரம் முறிந்தது. இங்கே மனிதன் முறிகிறான். பாடசாலை ஆட்டங்களுக்கு விசில் ஊதிய ஆசிரியன் என்னும் முறையில் இதனைச் சொல்கிறேன். 16 வயதுப் பிரிவு ஆட்டமொன்றில் ஐந்தாம் உதையைத் தவறவிட்ட பையன், அன்று முழுவதும் எதிரணியின் மூன்று கோல்முயற்சிகளைத் தடுத்தவன். திரும்பும் பஸ்ஸில் அவனருகே ஒருவரும் இருந்திலர். அடுத்த பருவத்தில் அவன் மைதானத்துக்கு வரவில்லை.

முறை நீதியானதுதானா என்பதிலும் ஐயம் எழுந்தது. முதலில் உதைக்கும் அணி நூற்றுக்கு 60 அளவில் வெல்கிறது எனப் பொருளியல் அறிஞர் இருவர் 2010இல் எழுதினர். பின்வருபவன் எப்போதும் எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கும் மனச்சுமை காரணமென்றனர். பின்னர் மிகுதியான ஆட்டங்களைத் திரட்டிப் பார்த்தோர் அத்துணை வேறுபாட்டைக் கண்டிலர். எனினும் 2017இல் புதுமுறை ஒன்று பரீட்சிக்கப்பட்டது: முதல் அணி ஒன்று உதைக்க, எதிரணி இரண்டு, பின் முதலணி இரண்டு என மாறிமாறி. பார்ப்போர்க்கு விளங்கவில்லை என 2018இல் கைவிட்டனர். சித்திரைப் பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிக்கும் எம் சிறுவர் இதனைக் கேட்டால் நகைப்பர். ஒருவன் காயை நிலத்தில் வைப்பான். மற்றவன் தன் காயால் ஓங்கி அடிப்பான். பின் அடித்தவன் வைப்பான், வைத்தவன் அடிப்பான். முறைமாற்றம் என்பது அவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்து வந்ததன்று.

வேறு வழிகளும் முயலப்பட்டன. 1943இல் ஸ்கொட்லாந்துக் கிண்ணமொன்றின் இறுதியாட்டம் 1–1 ஆகியபோது மூலை உதைகளை எண்ணி 11–3 எனக் கண்டு ரேஞ்சர்சுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தனர். 2018 உலகக் கிண்ணத்தில் யப்பானும் செனகலும் அனைத்திலும் ஒத்து நிற்க, மஞ்சள் அட்டை குறைவாகப் பெற்றமையால் யப்பான் முன்சென்றது. கிரிக்கெட்டில் 2019 உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஓட்டங்களிலும் ஒத்து, மேலதிக ஓவரிலும் ஒத்து, எல்லை கடந்த அடிகள் 26–17 என எண்ணப்பட்டு இங்கிலாந்து வென்றதாயிற்று. இவை மூன்றும் ஒரே பிழையுடையன. ஆடுவோர் எதனைக் கருதி ஆடினரோ அதனை விட்டு, கருதாத ஒன்றை ஆட்டம் முடிந்தபின் எண்ணுதல். அவ்விதியைக் கிரிக்கெட் சபையாரே அவ்வாண்டிலேயே நீக்கினர்.

மேலதிக நேரத்தில் முதற்கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடியும் என்னும் ‘பொற்கோல்’ விதியே கொம்புமுறியின் உடன்பிறப்பு எனலாம். 1996 ஐரோப்பியக் கிண்ணத்தை ஜேர்மனியின் பியர்ஹொவ்வும் 2000ஆம் ஆண்டுக் கிண்ணத்தைப் பிரான்சின் திரெசெகேயும் அவ்வாறு ஒரே உதையில் முடித்தனர். சுவை மிக்கது, ஆனால் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஒரு கோலே மரணம் என்னும் அச்சத்தால் இரு அணியும் தற்காப்பிற் சுருண்டன. 2004இல் அவ்விதி நீங்கிற்று. 1995இல் கொழும்பில் நடந்த தென்னாசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என வென்று கிண்ணம் கொண்டதும் மேலதிக நேரத்திலேயே. இலங்கையர் அடைந்த பேறுகளுள் அது பெரிது.

தீர்க்காமலே விடுதல் என ஒரு நெறியும் உண்டு. வங்கத்தின் மோகன் பகான், கிழக்கு வங்கம் ஆகிய இரு கழகங்களின் பகை உலகறிந்தது. 1960இல் டூரண்ட் கிண்ணத்தையும், 1978இல் கோயம்புத்தூரில் ஆடிய பெடரேசன் கிண்ணத்தையும் அவை இணைந்தே பெற்றன. கோவூர்கிழார் நடவாது என்றது கொங்குநாட்டில் நடந்துவிட்டது! இதனைப் பலர் சுவையற்றது எனக் கழிப்பர். பெரியவர் போட்டிகளுக்கு அது ஒக்கும். பாடசாலைச் சிறுவர் இறுதியாட்டத்தில் கிண்ணத்தை ஆறு மாதம் ஓர் ஊரிலும் ஆறு மாதம் மற்றோர் ஊரிலும் வைப்பதால் என்ன குறை வந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆயின் காலிறுதி, அரையிறுதி ஆட்டங்களுக்கு இது பயன்படாது.

அவற்றுக்கு அயல்நாட்டார் சிலர் முன்மொழிந்துள்ள ஒரு மாற்றம் எமக்கு மிக ஏற்றது எனக் கருதுகிறேன். தண்ட உதைகளை மேலதிக நேரத்துக்குப் பின் வைக்காது முன் வைத்தல் என்பதே அது. ஆட்டம் சமநிலையில் முடிந்தவுடன் ஐந்தைந்து உதைகள் நிகழும். அம்முடிவு எழுதி வைக்கப்படும். பின்னர் மேலதிக நேரம் ஆடப்படும். அதில் ஓர் அணி முந்தினால் அதுவே வென்றது. மீண்டும் சமநிலையாயின் எழுதி வைத்த முடிவு செல்லும். இதனால் மேலதிக நேரம் முழுவதிலும் ஒரு அணியேனும் கோல் தேடியே ஆகவேண்டும். இருவரும் தற்காத்துத் தண்ட உதைக்குக் காத்திருக்கும் சோர்வு நீங்கும். உதையில் முந்திய அணி கோல்வாயிலை அடைத்து நிற்குமே என்பர். நிற்கட்டும், அடைத்த மதிலை முற்றுவதும் ஒரு போரே. யான் இதனைப் பெரிதும் விரும்புதற்குக் காரணம் வேறு. உதை தவறிய பையனுக்கு இதில் இன்னும் ஆட்டம் இருக்கிறது. அவன் தலை குனிந்து பஸ் ஏறவேண்டியதில்லை, பந்தைத் துரத்தவேண்டும். அவன் தோழரும் அவனை வெறுத்து நிற்க நேரமின்றி அவனோடு வடம் பிடிக்கவேண்டும்.

பெரிய கிண்ணங்களில் இதனைச் செய்ய விதிச்சபையின் இசைவு வேண்டும். எம் வலயத்துப் பாடசாலைகள் தம்முள் நட்பு முறையில் ஆடும் ஆட்டங்களுக்கு அது வேண்டுவதில்லை. செலவும் இல்லை, வேண்டுவது அரைமணி நேரப் பகல். மைதானத்தில் மின்விளக்கு இல்லாத ஊர்களில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை மூன்றரைக்குத் தொடங்கினால், மண்டூருக்குத் திரும்பும் அணி இருட்டுமுன் துறைக்குப் போய்ச் சேரும்.